பதினோரு பேருக்கு ஒரே பதிவு

என் அம்மா மேகாட்டாள். கதைகளில் எல்ஃப் என்று எழுதுகிறார்களே, அந்த இனத்தை எங்கள் போடிப் பக்கம் மேகாட்டார் என்போம். குரங்கணிக்கு மேலே, ஏலத் தோட்டங்களும் முடிந்த பிறகு வரும் சோலைக்காட்டில் அவர்கள் வீடுகள் இருக்கின்றன. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை இவ்வளவுதான்: வீடு பெண்களுடையது. ஆண்கள் வந்து போகிறவர்கள். பிள்ளைகள் வீட்டுக்குச் சொந்தம், ஒருத்திக்கு அல்ல. இருபத்தைந்துக்கு மேல் முகம் மாறாது. ஒரு வீட்டுப் பெண்களுக்கு ஒரே முகம்.

அப்பா போடிக்காரர், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா ஒரு பையுடன் மலைக்குக் கிளம்பினாள். நான் அப்போது பொறியியல் கடைசி வருடம். அழவில்லை. வீட்டில் எந்தெந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஐந்து வருடங்களாக அவள் இறங்கி வரவில்லை.

இந்த வருடம் எனக்கு ராசிங்காபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. எனக்கும் அவருக்கும் பிடித்திருந்தது. அவருடைய அம்மா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"நீ எம்புட்டுப் படிச்சிருந்தாலும் சரி, ஆத்தா. பெத்தவ வந்து நின்னு தாம்பூலம் மாத்தணும். ஆத்தாக்காரி மலையேறிட்டான்னா மகளும் ஒருநா ஏறிருவான்னு எங்க சனம் பேசும். எம்மவன் தனியா நிக்கக் கூடாது."

அவர் பயந்தது நியாயம்தான். எனக்கு அம்மா வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை.

என் வேலை, முகம் பார்த்து வருகை பதியும் கருவிகளைப் பொருத்துவது. குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்திலிருந்து ஆர்டர் வந்தபோது நானே போகிறேன் என்றேன். அம்மாவின் வீட்டுப் பெண்கள் காய் எடுக்க வருவது அங்கேதான். கண்ணுக்கு ஒரே முகமாகத் தெரிந்தாலும் கருவிக்கு அப்படி இருக்காது. இரட்டைப் பிள்ளைகளை அது சரியாகப் பிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். என் போனில் இருந்த அம்மாவின் படத்தை முந்தின நாளே அதில் ஏற்றி வைத்தேன். யார் வந்து நிற்கும்போது அம்மாவின் பெயர் வருகிறதோ, அவளைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

ஜீப்பு ஓட்டிய அண்ணன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "அதுகளுக்கு எதுக்கு, தங்கச்சி, மிசினு? ஏத்துறப்ப ஏழு பேரு இருக்கும், எறக்குறப்ப எட்டு இருக்கும். எவ எப்ப ஏறுனான்னு கேட்டா சிரிக்கும். நான் எண்ணுறதையே விட்டுட்டேன்."

காலை ஏழு மணிக்கு, பெரட்டு எடுக்கும் கொட்டகையில், அதாவது வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கும் இடத்தில், கருவியை மாட்டினேன். மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்து நின்றது. பனிக்குள்ளிருந்து பதினோரு பெண்கள் ரப்பர் பூட்சும் முதுகில் பிளாஸ்டிக் தாளுமாக வந்தார்கள். பதினோரு பேருக்கும் காலடிச் சத்தம் ஒன்றாக விழுந்தது.

முதல் பெண் முகத்தைக் காட்டினாள். பீப். திரையில் அம்மாவின் பெயர்.

நான் ஓரடி முன்னால் வைத்தேன். கூப்பிடுவதற்குள் இரண்டாமவள் வந்தாள். பீப். அதே பெயர். மூன்றாமவளுக்கும் அதேதான். லென்ஸைத் துடைத்தேன். பொருத்த அளவை உச்சத்துக்கு ஏற்றி எல்லோரையும் மறுபடி நிற்க வைத்தேன். பதினோரு முறை அம்மாவின் பெயர் வந்தது.

"என்னம்மா உம் மிசினு," என்று சூப்பர்வைசர் சிரித்தார். "ஒருத்திதான் வேலைக்கு வந்திருக்காங்குது. மிச்சம் பத்துப் பேர வீட்டுக்கு அனுப்பிரவா?"

நான் அவர்களைப் பார்த்துக் கேட்டேன். "உங்கள்ல எங்கம்மா யாரு?"

அவர்கள் சிரிக்கவில்லை. வரிசையாக என்னிடம் வந்தார்கள். மேகாட்டார் முகத்தை வைத்து ஆளை அறிவதில்லை, உச்சி முகர்ந்துதான் அறிவார்கள். ஒவ்வொருத்தியும் என் தலையைச் சாய்த்து உச்சியில் மூக்கை வைத்தாள். ஒவ்வொருத்தியும் "எம்மக" என்றாள்.

"எண்ணெய மாத்திட்டா பாரு," என்றாள் ஒருத்தி.

"காமால வந்து கெடந்தப்ப கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தது நானு," என்றாள் மற்றவள்.

"பத்தாப்புப் பரிச்சையன்னைக்குத் தாவணிக்கு ஊக்கு குத்தி விட்டது நானு."

"உங்கப்பன் போனன்னைக்கு எம்மொறையாப் போச்சு. பதினாறு நாளும் அழுகற சோலி எனக்கு."

எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. எங்கள் வீட்டுக்கு வாழ வந்தது ஒருத்தி அல்ல. ஒரு பெண்ணைக் கீழே தனியாக விட்டுவிட அவர்களுக்கு மனம் வராது. அதனால் முறை வைத்து இறங்கியிருக்கிறார்கள். அமாவாசைக்கு அமாவாசை அம்மா பிறந்த வீட்டுக்குப் போய்ச் சாயங்கால பஸ்சில் திரும்புவாள். திரும்பியவள் சில மாதம் இடது கையால் தோசை வார்த்தாள். சில மாதம் பல்லியைக் கண்டு அலறினாள், சில மாதம் அதை விளக்குமாற்றால் தள்ளிவிட்டாள். எல்லாவற்றையும் நான் அம்மாவின் மனநிலை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"மொத வருசமே கண்டுக்கிட்டாரு. யாரு வந்து வாசல்ல நின்னாலும் வாங்கன்னுதான் சொல்லுவாரு."

கட்டிய மனைவியை அவர் வாங்க, போங்க என்று பேசியதைத் தெருவே கிண்டல் செய்திருக்கிறது.

"என்னையப் பெத்தது யாரு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது ஒரு நா சோலி, ஆத்தா. அத யாரு ஞாபகம் வெச்சிருக்கா?"

கல்யாண விஷயத்தைச் சொன்னேன். ஒருவராவது தாம்பூலம் மாற்ற வர வேண்டும் என்று கேட்டேன்.

"வராம? மாப்ள பொறுமையான ஆளுதான்," என்றாள் ஒருத்தி. மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "மொறைய மட்டும் மறந்துறாத."

"என்ன முறை?"

அவள் என் தோளைப் பிடித்துக் கருவியின் முன்னால் திருப்பினாள். பொருத்தியவர் என்ற இடத்தில் என் முகம் முன்பே பதிவாகியிருந்தது. என் பெயர் வர வேண்டும். பீப். அம்மாவின் பெயர் வந்தது.

"மூஞ்சி வந்துருச்சுல்ல, இனி ஒனக்கும் மொறை உண்டு," என்றாள். "நீ மேல வர்றப்ப எங்கள்ல ஒருத்தி கீழ இருப்பா. வேணாம்னா சொல்லிரு. மொறையில இல்லாதவளுக்கு ஆத்தாவா வந்து நிக்க எங்களால ஆகாது."

பிறகு பிளாஸ்டிக் தாள் சரசரக்க எல்லோரும் ஏலச் செடிகளுக்குள் போய்விட்டார்கள். கருவியை இயந்திரக் கோளாறு என்று எழுதிக் கழற்றினேன்.

இறங்கும் வழியில் ஜீப்பிலேயே, மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியவற்றை எழுதினேன். ஒன்று, அம்மா வருவார். இரண்டு, அம்மா ஒருத்தி இல்லை. மூன்று, நானும் ஒருத்தியாக இருக்கப் போவதில்லை. நான்கு, இது வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடலாம். குரங்கணியில் சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டேன். முதலாவதைச் சொன்னேன்.

"நாந்தான் வியாழக்கெழமையே சொன்னேனே, வருவாங்கன்னு," என்றார் சந்தோஷமாக. "பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கறப்ப. நீதான் பேசாமயே உக்காந்திருந்த."

வியாழக்கிழமை முழுவதும் நான் தேனியில், ஒரு மில்லில் ஏணி மேல் நின்று கருவி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அது நான் இல்ல," என்றேன்.

மிச்சம் மூன்றையும் எழுதியிருந்த வரிசையிலேயே வாசித்தேன். அவர் முடியும் வரை கேட்டார்.

"அன்னைக்கு மழை," என்றார். "குடையில்லாமத்தான் கெளம்பிப் போனாங்க. அவங்களுக்கு பஸ்சு கெடச்சுச்சா?"

"தெரியல," என்றேன். "கேட்டுச் சொல்றேன்."