கழுவ வேண்டாத போட்டோ

"இதுக்குள்ள ரோலு எங்க கண்ணு போடறது?" என்று கேட்டாள் ரம்லா.

"ரோலே கெடையாதுங்க மாமி."

"ரோலு இல்லாம போட்டோ எப்படி வரும்? சும்மா சொல்லாத."

"உள்ளயே பதிஞ்சுக்குமாம். அப்புறம் இந்தச் சின்னப் பொட்டியில சேத்தா பிரிண்ட் வருமுங்க. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது."

"அப்ப யாரு கழுவறது?"

"யாரும் கழுவ வேண்டியதில்லைங்க."

"ஸ்டுடியோக்காரன்?"

"அவனுக்கு இதுல வேலையே இல்லைங்க மாமி."

ரம்லா அந்தச் சாமானைக் கையில் வாங்கி, மேலும் கீழும் புரட்டிப் பார்த்தாள். "அப்ப வெளி ஆம்பளை ஒருத்தனும் பாக்க மாட்டானா?"

"நாம காட்டுனாத்தானுங்க."

"உங்க மாமா மூளைக்காரருதான் போ," என்று எழுந்தாள் ரம்லா. "இரு, மொகம் கழுவிட்டு வாரேன்."

அவள் குழாயடிக்கு ஓடியதும் யுஸ்ரா, சாமானோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை மறுபடி புரட்டினாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ் என்று வளர்ந்தவள். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். குடும்பத்தில் யாருக்கு இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வாசிப்பாள், இரண்டு வரியில் அர்த்தம் சொல்லுவாள், போய்விடுவாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து வார்த்தை விழாது.

பார்சல் அனுப்பியவர் அவளுடைய தாய்மாமா, ரம்லாவின் கணவர் ஜபருல்லா. ஷார்ஜாவில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை. உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிற வீடியோ கேம் மெஷின் ஒன்று. அதன் தலையில் சொருகிக்கொள்ள ஒரு கேமரா. கோலிக்குண்டு போன்ற அதன் கண்ணை முன்னாலும் திருப்பலாம், நம்மைப் பார்க்கவும் திருப்பலாம். கூடவே, சுருட்டிய காகிதம் போட்ட குட்டிப் பிரிண்டர். சின்னப் பிள்ளை இல்லாத வீட்டுக்கு விளையாட்டுச் சாமான் எதற்கு என்று போத்தனூர்த் தெருவே கேட்டது. எதற்கென்று யுஸ்ராவின் அம்மாவிடம் அவர் போனிலேயே சொல்லியிருந்தார்: "ரம்லாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு அக்கா. மொகமே மறந்துரும்போல இருக்குது."

அவர்கள் குடும்பத்தில் பெண்களின் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போவதில்லை. ரோலைக் கழுவுகிறவன் யாரோ, பிரதி எடுத்து வைத்துக்கொள்வானோ என்ற பயம். ஜபருல்லாவின் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை உண்டு, மாமனார் உண்டு, பிரியாணி தேக்சாவுக்கு மட்டும் தனியாக மூன்று படம் உண்டு, பெண்ணைக் காணோம். கல்யாணமாகி எட்டாவது மாதம் விமானம் ஏறியவர், மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை.

ரம்லா பொள்ளாச்சிப் பெண். அவள் அத்தாவுக்குக் கொப்பரை வியாபாரம். தேங்காய் காயும் களத்தில் காக்கை விரட்டிக்கொண்டே வளர்ந்த கால்கள், ஓரிடத்தில் நிற்கவே நிற்காது. போத்தனூர் ஜங்ஷனில் எந்த வண்டி கூவினாலும் மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வருவாள். அக்கம்பக்கத்தாரின் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். அதையும் அறைக்கு அறை இடம் மாற்றி உட்கார்ந்துதான் தைப்பாள். "உன்ற ஊசிக்குக் கால் மொளைச்சிருக்குதா?" என்று நாத்தனார், அதாவது யுஸ்ராவின் அம்மா, கேட்காத நாளில்லை.

இந்த மூன்று வருஷத்தில் வேறொன்றும் நடந்திருந்தது. இடது உதட்டோரம் கடுகளவு வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. இப்போது அது மோவாய்வரை இறங்கியிருந்தது. யாராவது உற்றுப் பார்த்தால், "மாவு ஒட்டியிருக்குதுங்க, தொடைக்க நேரமில்லை," என்று ரம்லாவே முந்திக்கொண்டு சிரிப்பாள். டவுன் டாக்டர் களிம்பு கொடுத்தார். யாருக்கும் ஒட்டாது, உடம்புக்கும் ஒன்றும் செய்யாது என்றார். ஆனாலும் கணவருக்குச் சொல்லவில்லை. "தம்பி அங்க தனியாக் கெடக்கறான். வந்தப்பறம் பாத்துக்கலாம்," என்று யுஸ்ராவின் அம்மா முடிவுகட்டிவிட்டாள். பெருநாளைக்கு அவர் வருகிறார். அதற்குள் இந்தப் போட்டோ. பக்கத்துத் தெரு மைதீன் பிச்சை வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு.

முகம் கழுவி, பவுடர் போட்டு ரம்லா வந்து உட்கார்ந்தாள். முதல் படத்தில் புகை மாதிரி ஏதோ விழுந்தது. இரண்டாவதில் ஒரு காதும் சுவரும்.

"ஆடாதீங்க மாமி."

"ஆடலையே! உன்ற கேமராதான் ஆடுது."

"மூச்சைப் புடிச்சுக்கோங்க."

"மூச்சில்லாமக் கெடக்கறதுக்கு நான் என்ன மையித்தா?"

கொஞ்ச நேரத்தில் கேமராவைத் தன் கைக்கே வாங்கிக்கொண்டாள். குக்கரை எடுத்தாள், மதில் மேல் காக்கையை எடுத்தாள், மாடிக்குப் போய்க் கூட்ஸ் வண்டியை எடுத்தாள். எடுத்ததையெல்லாம் பிரிண்டரில் போட்டுப் பார்த்தாள். வேறு காகிதம் இங்கே எங்கும் கிடைக்காது என்று யுஸ்ரா சொல்வதற்குள் சுருள் மெலிந்துவிட்டது.

கடைசியில் கேமராவின் கண்ணைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். கறுப்பு, வெள்ளை, நடுவே இரண்டு சாம்பல். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த நிறங்கள். சாம்பல் கன்னத்தின் ஓரத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. ரம்லா முகத்தை இடப்பக்கம் திருப்பினாள். திருப்பினால் கண் தெரியவில்லை. நேராக்கினாள், மறுபடி திருப்பினாள்.

"ஏன் கண்ணு, இதுல வெளிச்சத்தைக் கூட்ட முடியுமா?"

யுஸ்ராவுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் ஷார்ஜாவில் இருப்பவர் அவளுடைய சொந்த மாமா. இந்தப் பக்கத்தில் மாமி. முடியாது என்று ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் பொத்தானை அழுத்தினாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கன்னம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் கன்னமும் திட்டும் ஒரே வெள்ளையாகிக் கலந்துபோயின. கண்ணும் மூக்கும் புருவமும் மட்டும் நின்றன. அழகான முகம்தான்.

அந்தப் படத்துக்கு ரம்லா அசையவே இல்லை.

பிரிண்டர் முனகி, தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாகப் படத்தை வெளியே தள்ளியது. அதோடு காகிதமும் தீர்ந்தது. பஸ் டிக்கெட் மாதிரி மெல்லிய தாள், தொட்டாலே கசங்கியது. மைதீன் பிச்சையின் பெட்டியில் ஊறுகாயோடும் கருவாட்டோடும் போக வேண்டிய படம். ரேஷன் கார்டிலிருந்து மார்க் ஷீட்வரை எதைக் கண்டாலும் லேமினேஷன் போட்டு வைக்கிற காலம் அது. ரம்லாவுக்கு வேறு யோசனை தோன்றவில்லை, யுஸ்ராவுக்கும் தோன்றவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் கந்தப்பன் கடைக்குப் போனார்கள். ரம்லா முக்காட்டை இழுத்து வாயோரம் பிடித்துக்கொண்டாள்.

"இதைக் கவுத்து வெச்சே போடோணுமுங்க," என்றாள். "நீங்க பாக்கக் கூடாது."

"பாக்காம நான் எப்படிங்க நேரா வெக்கறது?" என்றார் கந்தப்பன்.

"கோணையா இருந்தாலும் பரவாயில்லைங்க."

"உங்க இஷ்டமுங்க. அப்பறம் கோணைன்னு என்னையச் சொல்லப்படாது."

அவர் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக்குக்குள் தாளைக் கவிழ்த்துச் சூடான உருளைகளுக்குள் விட்டார். மறுபக்கம் வந்தது கரி. முகம், புருவம், வெள்ளை ஓரம் எல்லாம் போய், கண்ணாடிபோலப் பளபளக்கும் கரிச்சதுரம்.

"அட, என்னங்க இது!" பதறிப்போனார் கந்தப்பன். "மெசினு நல்லாத்தானுங்க இருக்குது. இப்பத்தான் ஒரு சாதிச் சர்ட்டிபிகேட் போட்டேன்."

சூடு பட்டால் கறுக்கிற காகிதம் அது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்திருக்கும். யுஸ்ரா அதுவரை போகவில்லை.

"யாரு போட்டோங்க? ரொம்ப முக்கியமானதுங்களா?"

"என்ற போட்டோதானுங்க," என்றாள் ரம்லா. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கரிச்சதுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கந்தப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். "வேற எடுத்துட்டு வாங்கம்மணி, சும்மாவே போட்டுத்தாரேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் காகிதத்தை வாங்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. யுஸ்ராவுக்கு அது பழக்கமில்லாத அமைதி. யாராவது பேசியாக வேண்டும் என்று அவளே வாயைத் திறந்தாள்.

"படம் அழியலைங்க மாமி. மெஷினுக்குள்ள இருக்குது. பிச்சை மாமாகிட்ட மெஷினையே குடுத்தனுப்பிட்டா, மாமா அதுலயே பாத்துக்குவாரு."

வீட்டுக்குள் நுழைந்ததும் ரம்லா மெஷினை எடுத்து அந்தப் படத்தை வரவழைக்கச் சொன்னாள். சமையலறையில் நின்று பார்த்தாள், கூடத்துக்கு வந்து பார்த்தாள், ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள். வெளியே ஏதோ வண்டி கூவியது; அவள் மாடிக்கு ஓடவில்லை.

"இவ நல்லாத்தான் இருக்கறா," என்றாள். "பெருநாளைக்கு உங்க மாமா வந்து எறங்குவாரு. கதவைத் தொறக்கறது நானு. இவ எங்கேன்னு தேடுனா நான் என்ன கண்ணு சொல்லட்டும்?"

ரம்லா மெஷினை அணைத்து அலமாரியில் வைத்தாள். புடவையில் பாதியில் விட்ட ஃபால்ஸைக் கையில் எடுத்தாள். எடுத்த வேகத்தில் கீழே போட்டாள்.

"டவுன் ஸ்டுடியோவுல ஒரு மணி நேரத்துல கழுவித் தர்றாங்களாமே, நெசமா?"

"ஆமாங்க மாமி."

"உங்கம்மா என்னை வைவாங்க. வையட்டும், நான் பேசிக்கறேன்." அவள் யுஸ்ராவின் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நாளைக்குக் காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு எங்கூட வர்றியா கண்ணு? கலர்ல எடுக்கோணும். பவுடர் போட மாட்டேன். ஆனா கேமராவைக் கண்டா மொகம் அதுவாட்டத்துக்கு இந்தப் பக்கம் திரும்பிப்போடுது, நீயே பாத்தியல்ல. நீ பக்கத்துல நில்லு. நான் திருப்புனா, மோவாயைப் புடிச்சு நேராக்கிப்போடு."