சத்துணவுக்குப் பெயர் கொடுத்தேன்

விம்கோ நகரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை நிர்வாகம் பூட்டிய ஏழாவது மாதம், என் மகள் பள்ளியில் காலை வணக்கத்தின்போது மயங்கி விழுந்தாள். ஏழாம் வகுப்பு. தொலைபேசியில் தகவல் வந்து நான் ஓடிப் போனபோது, கன்னத்தில் மண் ஒட்டியிருக்க, ஆசிரியர் அறை பெஞ்சில் கிடந்தாள். இன்றும் வீட்டில் தொலைபேசி அடித்தால் முதலில் எனக்கு அந்த முகம்தான் வருகிறது.

ரத்தம் மிகவும் குறைவு என்றார்கள் அரசு மருத்துவமனையில். மாத்திரை இலவசமாகக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் ஏறாவிட்டால் படுக்கவைத்து ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். மதியம் என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். டப்பாவில் போனது சோறும் ஊறுகாயும்தான்.

அவள் பள்ளியிலேயே சத்துணவு உண்டு. கம்பெனி பூட்டிய புதிதில் ஒருநாள் தானாகவே அந்த வரிசையில் போய் நின்றிருக்கிறாள். செய்தி என் காதுக்கு வந்தது. மாதச் சம்பளக்காரன் பெண் தட்டேந்துவதா என்று திட்டினேன். அப்போது எனக்குச் சம்பளமே இல்லை. எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். இஸ்திரி போட்ட சட்டையில் ஷிப்டுக்குப் போவதுபோலக் கிளம்பி, பூட்டிய கேட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருவோம்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த என் மனைவி குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "உன் கௌரவத்தக் கரைச்சு ஊத்துனா அதுக்கு ரத்தம் ஊறுமா? சொல்லு, ஊத்தறேன்."

மறுநாள் இஸ்திரிச் சட்டையோடு பள்ளிக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன். வெளியே வரும்போது என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன் எதிர்ப்பட்டான்.

"இன்னா மாமு, ஆபரேட்டர் வூட்டுப் பொண்ணுக்கு சத்துணவா?"

"ஆமா. முட்டையும் துன்னும். உன் புள்ளையும் எலும்பா கீது, இட்டாந்து சேத்து வுடு."

தலையைக் குனியாமல் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவனும் தன் மகனைச் சேர்த்தான். என்னிடம் சொல்லவில்லை.

காசிமேட்டில் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்தபின் சூடை மீன் மலிவாகக் கிடைக்கும். முள் நிறைய இருக்கும், பொறுமையாகத் தின்ன வேண்டும். காலையில் கேழ்வரகுக் கூழ். கேட்டால் முருங்கைக்கீரை ஒடித்துத் தர, மரம் வைத்திருந்த வீடுகள் தெருவில் இரண்டு இருந்தன. விளம்பரத்தில் வருகிற சத்துப் பவுடரை வாங்கச் சொல்லி உறவில் பலர் புத்தி சொன்னார்கள். வாங்கவில்லை.

பயம் மட்டும் போகவில்லை. தினமும் மதியம் பள்ளிச் சுவருக்கு வெளியே நின்று, அவள் சாப்பிடுகிறாளா என்று பார்ப்பேன். இரண்டு மாதம் கழித்துச் சோதித்தபோது ரத்த அளவு ஏறியிருந்தது. அதற்கு மறுநாளும் போய் நின்றேன். தட்டோடு சுவரருகே வந்தாள்.

"நைனா, அதான் ஏறிச்சே. எல்லாம் சிரிக்குதுங்க, நீ வூட்டுக்குப் போ."

சிரிக்கட்டும் என்றேன். அவள் அங்கேயே நின்று, என்னை முறைத்துக்கொண்டே முட்டையை முழுசாகத் தின்று முடித்தாள்.