கறாரக்கா வீட்டுக் கல்யாணம்

கல்யாண மண்டபத்தில் துப்புரவு மேற்பார்வை பார்த்தவளுக்குக் கறாரக்கா என்று யார் பேர் வைத்தார்களோ தெரியாது. பேர் பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டது. மாடிப்படியில் ஒரு காகிதத்துண்டு கிடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. யார் கெஞ்சினாலும் ஈரத் தரையில் கால் வைக்க விடமாட்டாள். முதலாளியின் மைத்துனரையே ஒருமுறை கால் மணி நேரம் வாசலில் நிறுத்திவைத்தவள்.

பன்னிரண்டு வருஷமாக அவள் கல்யாணங்களைப் பார்த்தது பெரும்பாலும் அவை முடிந்த பிறகுதான். அதனால் விருந்தாளிகளுக்குத் தெரியாத சங்கதிகள் அவளுக்குத் தெரியும். பதினாலு வகை பரிமாறிய தட்டில் ஒன்பது வகை அப்படியே திரும்பி வரும். தங்க எழுத்து அழைப்பிதழ்கள் நாற்காலிக்கு அடியில் மிதிபட்டுக் கிடக்கும். மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்குக் கட்டிய பூவை, பிரித்துக் குப்பை வண்டியில் ஏற்றும்போதுதான் ஒருத்தர் நின்று நிதானமாகப் பார்ப்பார். அந்த ஒருத்தர் அவள்தான்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அவள் மகள், அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்யும் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது இரண்டு வீட்டிலும் சந்தோஷம்தான். கையிருப்புதான் கொஞ்சம். மண்டப மானேஜர் வேலைக்காரர்களுக்கான சலுகை தருவதாகச் சொன்னார். அந்தச் சலுகை போக மிச்ச வாடகையே இருப்பதில் முக்கால்வாசியை விழுங்கிவிடும். கடன் வாங்குவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “பூ மட்டும் நிறைய இருக்கணும்மா.”

இடம் தேடி அம்மாவும் மகளும் சுற்றாத தெரு இல்லை. கடைசியில் கிடைத்தது நாலு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடம். நீளமான கூடம், மர பெஞ்சுகள், கிழக்குச் சுவர் முழுக்கப் பெரிய பெரிய ஜன்னல்கள். விடுமுறை நாளில் சின்ன வாடகைக்குத் தரத் தலைமையாசிரியை ஒத்துக்கொண்டார். கறாரக்கா உடனே தலையாட்டிவிடவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய், எட்டு மணிக்கு ஒரு நாள், பத்து மணிக்கு ஒரு நாள், உச்சிவேளையில் ஒரு நாள் என்று கூடத்தின் நடுவில் நின்று பார்த்தாள். பத்து மணிக்குத்தான் வெயில் சாய்வாக இறங்கித் தரை முழுக்க மஞ்சள் விரிப்பு விரித்த மாதிரி கிடந்தது.

“எங்க மண்டபத்துல ஜன்னலையெல்லாம் துணி போட்டு மூடிட்டு, அப்புறம் லைட்டுக்கு வாடகை கொடுக்கறாங்க,” என்றாள் மகளிடம். “கல்யாணம் பத்து மணிக்கு வச்சுக்கலாம்.”

இரும்புக் கடை வைத்திருந்த அவள் அண்ணன் விஷயம் கேட்டுத் தாம்தூம் என்று குதித்தார்.

“பள்ளிக்கூடத்துலயா? என் சம்பந்தி வீட்டுக்காரங்கள நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கூட்டிட்டு வர்றது?”

“இருக்கற மூஞ்சியே நல்லாத்தாண்ணே இருக்கு. பத்து மணிக்கு வந்துடுங்க.”

அண்ணனிடம் வாய் கொடுத்துவிட்டாளே தவிர, உள்ளுக்குள் அந்தப் பேச்சு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இருப்பது ஒரே மகள். அவளுக்கே கஞ்சத்தனம் பார்க்கிறோமோ? மறுநாள் மண்டபத்தில் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று. சாமான் அறை வாசலில் துடைப்பத்தோடு நின்றபடி மேடையைப் பார்த்தாள். நாலாயிரம் விளக்குக்கு நடுவில் பொண்ணும் மாப்பிள்ளையும் சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முழுக்கப் பந்தியில். பொண்ணு யாருக்கும் தெரியாமல் ஒரு கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்ததும் கறாரக்காவுக்கு மனசு தெளிந்துவிட்டது. தன் மகளுக்கு மேடையே வேண்டாம். சுற்றி மனுஷர்கள் இருந்தால் போதும்.

அதற்குப் பிறகு வேலை கிடுகிடுவென்று நடந்தது. பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, பொண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். பூ முழுக்க வாசலுக்கே. வருகிறவர் அத்தனை பேரும் அதற்குள் நுழைந்துதானே வரவேண்டும்! சமையலுக்கு, தொழிற்சாலை கேண்டீனில் முந்நூறு பேருக்கு ஆக்கிப் பழகிய ஒருவரைப் பிடித்தாள். நாலே வகை, ஆனால் நாலும் சுடச்சுட. அழைப்பிதழை மாப்பிள்ளையே அச்சகத்தில் மிஞ்சிய நல்ல காகிதத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கி உள்ளங்கை அளவில் தைத்துக் கொடுத்தார். நூற்று இருபது பேர். அதற்கு மேல் ஒரு ஆள்கூடக் கிடையாது.

கல்யாணத்துக்கு மூன்று நாளைக்கு முன்பு, டாக்ஸி ஓட்டும் அவள் கணவர் சாப்பிட்டு முடித்தும் கை கழுவப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஸ்டாண்டுல பேசிட்டு இருந்தப்ப வாய் தவறிக் கூப்பிட்டுட்டேன்,” என்றார்.

“எத்தனை பேர்கிட்ட வாய் தவறுச்சு?”

“ஸ்டாண்டு முழுக்க. அறுபது பேர் இருப்பாங்க.”

கறாரக்கா திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேண்டீன்காரருக்குப் போன் போட்டு, நாலு வகையை மூன்றாக்கி அளவைக் கூட்டச் சொன்னாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “பந்தி பரிமாற ஆள் தேடிட்டிருந்தேன். காலைல ஏழு மணிக்கு அறுபது பேரும் வந்துடணும்னு சொல்லிடுங்க.”

வந்தார்கள். அத்தனை பேரும் வேலைச் சட்டையை விறைப்பாக இஸ்திரி போட்டுக்கொண்டு, ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார்கள். பெஞ்சு நகர்த்தினார்கள், தண்ணீர் சுமந்தார்கள். நடக்க முடியாத பெரியவர்களை வீட்டு வாசலிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மண்டபத்துத் தோழிகள் எட்டுப் பேர் விடியற்காலையிலிருந்து கட்டிய மஞ்சள் பூ, வாசல் நிலையே தெரியாதபடி அடர்ந்து தொங்கியது.

சரியாகப் பத்து மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் அந்தப் பூவை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஜன்னல் ஜன்னலாக இறங்கிய வெயிலுக்குள் அவர்கள் நடக்க நடக்க, முகம் ஒளிர்ந்து மறைந்து மறுபடி ஒளிர்ந்தது. இருவரும் உறுதிமொழி சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது பின்வரிசையில் ஒரு டிரைவர் கைதட்ட, கூடமே அதிர்ந்தது. மகள் சுற்றிலும் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிந்த முகம். வாய்விட்டுச் சிரித்தாள். ஓரத்தில் நின்ற கறாரக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, யாரையும் பற்றிக் கவலைப்படாமல் நன்றாக அழுதாள்.

பத்து நிமிஷம் தலைகாட்டிவிட்டுக் கிளம்புவதாக வந்த அண்ணன், இரண்டாவது பந்தியில் கரண்டியும் கையுமாக நின்றார். அவர் சம்பந்தி, இதையெல்லாம் எந்தக் கம்பெனிக்காரர்கள் ஏற்பாடு செய்தார்கள் என்று கேட்டார்.

“கம்பெனியா? எல்லாம் என் தங்கச்சிதான்,” என்றார் அண்ணன், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டபடி.

விருந்தாளியாக வந்திருந்த மண்டப மானேஜர் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வாடகை கேட்டுவிட்டு முகம் வாடித் திரும்பிப் போகிறவர்களுக்கு இதே மாதிரி செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள். வேலை நாட்களில் சின்ன ஹாலைப் பாதி வாடகைக்குத் தரவேண்டும், ஏற்பாட்டில் தான் சொல்வதுதான் முடிவு, துப்புரவுக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டாள். மானேஜர் மூன்றுக்கும் ஒத்துக்கொண்டார்.

இதுவரை பதினேழு கல்யாணம் முடித்திருக்கிறாள். அடுத்த மாதம் ஒரு நர்ஸம்மாவுக்கு. வயது ஐம்பத்து மூன்று, மாப்பிள்ளை ஓய்வுபெற்ற தபால்காரர். சின்ன ஹால் வேண்டாம், ஆட இடம் வேண்டும் என்று நர்ஸம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். அதனால் கறாரக்கா இன்று காலையிலேயே, மூடிக் கிடக்கும் சைக்கிள் தொழிற்சாலை ஒன்றைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.