கரையில் குடித்த டீ

செய்தி வந்தபோது ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே ஸ்கேன் பார்த்துவந்த டாக்டர் ஜமீலாவின் மகள் போனில், "ராணி அக்கா, உம்மா விடிகாலை சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க. மவுத்தாயிட்டாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்தே வரிசையில் இருந்த ஒரு பெரியவர் "இன்னா லில்லாஹி" என்றார். டாக்டரம்மா போய்விட்டதைச் சொன்னதும், வரிச்சிக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், "யாரு, நம்ம வெறும்வயித்து டாக்டரா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். நிறைந்த வயது, நோகாத சாவு. இருந்தாலும் மனசு கேட்கிறதா?

அவரிடம் ஸ்கேன் எடுத்தவர்களுக்கு அந்தப் பட்டப்பெயர் தெரியும். பித்தப்பையைப் பார்க்க வயிறு காலியாக இருக்க வேண்டும். ஏதாவது உள்ளே போனால் பை பித்தத்தைக் குடலில் ஊற்றிவிட்டுச் சுருங்கிவிடும். சுவர் தடித்த மாதிரி தெரியும், கல் இருந்தாலும் ஒளிந்துகொள்ளும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். "சாப்பிட்டீங்களா?" என்றால், "பச்சத்தண்ணி பல்லுல படல" என்பார்கள். படுக்கவைத்தால் பை சுருங்கிக் கிடக்கும். நான் கத்துவேன். டாக்டரம்மா, "கத்தாதே ராணி. அவங்க பொய் சொல்லல, நமக்குத்தான் கேக்கத் தெரியல" என்பார்.

நோன்பு மாதத்தில் மட்டும் எனக்கு நிம்மதி. நோன்பு வைத்தவர்களை மதியத்துக்கு மேல் வரச்சொல்வார். அவரும் நோன்புதான். "இவங்க வயித்தை நீ விசாரிக்க வேணாம், அல்லா பாத்துக்கிறான்" என்று சிரிப்பார். சாயங்காலம் எனக்கும் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி வரும். அந்த ருசிக்கே அந்த மாதம் நான் லீவு போட்டதில்லை.

அஞ்சலை விஷயத்தை எழுதாமல் இதை முடிக்க முடியாது. காரைக்கால்மேட்டுக் கரையில் மீன் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து விற்பவர். அவர் சுமந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். வயிற்றுவலிக்கு வேறோர் ஊரில் ஸ்கேன் எடுத்தபோது, பித்தப்பை சுருங்கிச் சுவர் தடித்திருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று எங்களிடம் வந்தார். "வயித்தைக் கிழிச்சா கூடை எப்படிம்மா தூக்குவேன்?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிடவில்லை என்று சத்தியமும் செய்தார்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். இங்கேயும் பை சுருங்கித்தான் கிடந்தது. பிறகு சும்மா பேசுகிற மாதிரி, "ஏலத்துல இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்றார்.

"கானாங்கெளுத்திங்க."

"டீ யாரு வாங்கிக் குடுத்தா?"

"ஏலம் விடுறவருதாங்க. பன்னும் குடுத்தாரு."

எனக்கு வந்ததே கோபம்! "ஒண்ணும் சாப்பிடலைன்னீங்களே!"

"டீயும் பன்னும் சாப்பாடா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார் அஞ்சலை. நானும் கடற்கரைக்காரிதான், பட்டினச்சேரி. எங்கள் வீட்டிலும் சோறு மட்டும்தான் சாப்பாடு.

"அந்த ஊருல ஸ்கேன் எடுத்த அன்னிக்கு?" என்றார் டாக்டரம்மா.

"ஏலத்தை முடிச்சுட்டுத்தாங்க பஸ் ஏறினேன்."

"நாளைக்குக் கரைக்குப் போகாதீங்க. படுக்கையிலேர்ந்து எழுந்து நேரா இங்க வாங்க."

மறுநாள் யாவாரத்தை விட்டுவிட்டு வந்தார். கண்ணை இறுக மூடிப் படுத்தார், உதடு மட்டும் மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஒருக்களிக்கச் சொன்னார், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், பித்தக்குழாய் வரைக்கும் பார்த்தார். பை ததும்ப நிறைந்திருந்தது. சுவர் மெல்லிசு. கல் இல்லை, அடைப்பும் இல்லை.

"அஞ்சலை, உங்க பித்தப்பை தங்கமா இருக்கு. இதை யாரும் தொட வேணாம். வலி வயித்துப் புண்ணா இருக்கலாம், அதுக்குப் பெரிய டாக்டரைப் பாருங்க. அவங்ககிட்ட நானே பேசுறேன்."

அஞ்சலை ஓவென்று அழுதார். அழுது முடித்ததும் எழுந்து உட்கார்ந்து, "நீ ஏன்டி டீயைப் பத்திக் கேக்கல?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்! டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புண்தான். மாத்திரையிலேயே ஆறியது.

அடக்கத்துக்கு மறுநாள் அஞ்சலை எங்கள் தெருவுக்கு வந்தார். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து அழுது தீர்த்தோம். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "மீன் கெட்டுரும், ஒரு கை குடு ராணி" என்றார். கூடையை அவர் தலைக்குத் தூக்கிவிட்டேன். நல்ல கனம். வயிற்றில் கத்தி படாத அந்த மனுஷி நிமிர்ந்து, கை வீசி நடந்து, முனை திரும்பினார். டாக்டரம்மா எனக்கு விட்டுப்போனது அந்த நடைதான்.