பாட்டிலின் முதுகைப் படிக்கிறவள்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் சோப்பு, ஷாம்பு மொத்தக் கடையொன்றில் பதினாறு வருஷமாக நிற்கிறாள் இசக்கி. நிற்கிறாள் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல, அந்தக் கடையில் உட்கார இடம் கிடையாது. முன்பக்கம் முழுக்க பாட்டில்கள். பின்பக்கம், வீட்டிலேயே கைகழுவும் திரவம், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் கலக்கி விற்கும் பெண்களுக்கான கேன்களும் பவுடர் மூட்டைகளும். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த ஒன்றரை அடியில் இசக்கி.

நாகர்கோவில் பக்கத்துப் பெண், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். பிளஸ் டூவில் வேதியியலில் மட்டும் நல்ல மார்க். மற்ற பாடங்களைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நாமும் கேட்க வேண்டாம். அந்த வேதியியல் முழுவதும் பாட்டில்களின் முதுகில் செலவானது. ஊரார் ஷாம்பு பாட்டிலின் முகத்தைப் பார்ப்பார்கள். அங்கே செம்பருத்தியும் கற்றாழையும் பூத்துக் குலுங்கும். இசக்கி எடுத்த எடுப்பில் பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிப்பாள்.

"இங்க பாரு. எது நெறைய இருக்கோ அதத்தான் முதல்ல போடுவான். முதல்ல தண்ணி. ரெண்டாவது சோடியம் லாரெத் சல்ஃபேட்டு, நுரை வாறது அதுல. ஒனக்க செம்பருத்தி எங்க கெடக்கு பாத்தியா? வாசனைக்கும் பொறத்தால, வாலுல தொங்குது. முழு பாட்டில ஊத்துனாலும் ஒரு இதழு தேறாது, கேட்டியா."

முதலாளி சிவதாணு அண்ணாச்சிக்கு வயிறு எரியும். "ஏட்டி, நீ விக்க வந்தியா, வாற ஆள வெரட்ட வந்தியா?" என்பார். ஆனால் ஒருவரும் ஓடவில்லை. "இசக்கி பறஞ்சா மதி", அவள் சொன்னால் போதும், என்று கூட்டம் கூடத்தான் செய்தது. சல்ஃபேட் என்றாலே பேய் என்று நடுங்குகிறவர்களையும் அவள் விடமாட்டாள். தினமும் தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைக்கிற ஊரில் ரொம்ப சாதுவான ஷாம்பு போட்டால் எண்ணெய் வைத்தபடியே தலையில் நிற்கும், பிறகு என்னைத் திட்டாதே என்பாள். வாலில் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதே, தலையைப் பார் என்பது அவளுடைய வேதவாக்கு.

அப்படி வந்த வாடிக்கைதான் ஷிபா. விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ஒரு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், ஒரே ஆள். மாதம் ஒரு தடவை சாமான் எடுக்க வந்தவள், பிறகு சாமான் தேவைப்படாதபோதும் வந்தாள். இசக்கிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஷிபா வாய்நிறையச் "சேச்சி" என்று கூப்பிட ஆரம்பித்ததும் அந்தக் குறை பாதி தீர்ந்தது.

மழை தொடங்கிய புதிதில் ஒரு நாள் ஷிபா இரண்டு கைகளையும் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். வெளியே எடுத்ததும் இசக்கி அவற்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து, சிவந்து, வெடித்திருந்தது.

"ஷாம்பு தொட்டா நீறுது, எரியுது சேச்சி. கையப் பாத்துட்டு வாறவங்க நாளைக்கு வரேன்னு போறாங்க. கையுறை போட்டா முடியில சிக்கு தெரியல்ல. ஓணம் வரைக்கும் பாக்கறேன். மாறல்லேன்னா பார்லரப் பூட்டிட்டு ஏதாவது துணிக்கடையில நிக்கணும்."

அத்தம் நாளிலிருந்து ஓணம்வரை, அந்தப் பத்து நாள்தான் பார்லர்காரிகளுக்கு அறுவடை. அதற்குள் கை ஆறியாக வேண்டும். தோல் டாக்டர் அவள் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுக்கள் போட்டுப் பார்த்து, ஒரு பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மெதில்ஐசோதையாசோலினோன். ஷாம்பு கெட்டுப்போகாமல் இருக்கப் போடுகிற சரக்கு. பலருக்கு ஒன்றும் செய்யாது, ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் துளி போதும். போடுவதே துளிதான் என்பதால் அது லேபிளில் எப்போதும் கடைசியில்தான் இருக்கும். வாலைப் பார்க்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு முதல் குட்டு அங்கே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை இசக்கி பார்லருக்கே போய்விட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பினாள். இரண்டு ஷாம்பு, ஒரு கண்டிஷனர், பின்கட்டு அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற ஒரு பாட்டில் மாட்டின. மூலிகை என்று முகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த பச்சை பாட்டிலும் அதில் ஒன்று. எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "இனி நிம்மதியா இரு மோளே" என்று போரில் ஜெயித்தவள் மாதிரி பஸ் ஏறினாள்.

மூன்று வாரம் போயிற்று. கை ஆறவில்லை. மேலும் வெடித்தது. துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்களாம் என்று ஷிபா போனில் சொன்னபோது இசக்கிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கடைக்கு வந்த ஒரு பெண், கைகழுவும் திரவம் கெட்டுப்போகாமல் இருக்க ஊற்றுகிற பிரிசர்வேட்டிவ் கொஞ்சம் கேட்டாள். இசக்கி பின்பக்கம் போய்ப் பெரிய கேனைச் சாய்த்தாள். பழக்கதோஷம், கேனைத் திருப்பிப் படித்தாள். அதே நீளப் பெயர். அதற்கென்ன, இருக்கட்டும் என்று மூடியைத் திருகியவளின் கை பாதியில் நின்றது.

சித்திரை விஷுவுக்கு அவளே வீட்டில் கைகழுவும் திரவம் கலக்கி, லேபிள் கிழிந்த பழைய கேனில் ஊற்றி ஷிபாவுக்குக் கொடுத்திருந்தாள். எலுமிச்சை மணம், நல்ல நுரை. மழைக்காலம் வந்தால் இந்த ஊரில் இடுப்பு பெல்ட்டிலிருந்து இட்லி அரிசி வரை பூஞ்சை பிடிக்கும். திரவம் ஓணம்வரை தாங்கட்டும் என்று, ஒரு மூடி ஊற்ற வேண்டிய இதே பிரிசர்வேட்டிவை இரண்டு மூடி ஊற்றியிருந்தாள். பார்லருக்குப் போன ஞாயிற்றுக்கிழமையும் அது வாஷ்பேசின் பக்கத்திலேயே இருந்தது. அதைப் போட்டுத்தான் அவளும் கை கழுவினாள். அதன் முதுகில் எழுத்தில்லை, அதனால் படிக்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்கள் எவ்வளவோ தேவலை.

அண்ணாச்சியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். புதிதாக ஒன்று கொடுத்துவிட்டு, மணம் மாற்றியிருக்கிறேன் என்று சொல்லிப் பழையதை எடுத்து வந்துவிடலாம். ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. பதினாறு வருஷப் பெயரும் பிழைக்கும். பழவங்காடியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாள். சில்லு சில்லாய்ச் சிதறியது. பொய் பலிக்கவா தேங்காய் உடைத்தோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. இருந்தாலும் பஸ் கோவளம் தாண்டும்வரை அந்தப் பொய்யைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்லர் கதவைத் திறந்தபோது ஷிபா வாஷ்பேசின் முன்னால் நின்றிருந்தாள். அந்தக் கேனிலிருந்துதான் உள்ளங்கையில் ஊற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் இசக்கிக்கு மறந்துபோயிற்று.

"மோளே, அதத் தொடாத! நான் கலக்குனதுலதான் அது இருக்கு. ரெண்டு மூடி ஊத்துனேன். ஒனக்க கைய வெடிக்க வச்சது நான்தாம்ட்டி."

ஷிபா குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"கை புண்ணா ஆனப்ப மத்த சோப்பு எல்லாத்தையும் நிறுத்தினேன். இத மட்டும் நிறுத்தல்ல சேச்சி. சேச்சி தந்ததாச்சே, இது ஒண்ணும் செய்யாதுன்னு நாளுக்குப் பத்து பதினஞ்சு தடவ இதுலதான் கழுவினேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இசக்கி அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, தலைமுடி வெட்ட வந்து காத்திருந்த ஒரு பெண்ணின் முன்னால், சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள்.

பத்து நாள் ஷிபாவிடமிருந்து போன் வரவில்லை. இசக்கி கடையில் பாட்டில்களைக் கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாளே தவிர, ஒன்றின் முதுகையும் படித்துச் சொல்லவில்லை. இவளுக்கு உடம்புக்கு ஏதோ என்று அண்ணாச்சியே கவலைப்பட்டார். பதினோராம் நாள் போன் வந்தது. "சேச்சி, அத்தத்தன்னிக்குக் காலையில வரணும். தலையில எண்ண வச்சிட்டு வா."

போனாள். ஷிபா அவளை வாஷ்பேசினில் தலைசாய்க்க வைத்தாள். பின்னால் அலமாரி திறக்கிற சத்தம், ஏதோ மூடி திருகுகிற சத்தம். எந்த பாட்டில் என்று இசக்கி திரும்பிப் பார்க்கவில்லை. கையுறை இல்லாத பத்து விரல்கள் அவள் தலைக்குள் இறங்கின. எங்கேயும் தயங்காமல், எதற்கும் பின்வாங்காமல் அவை தேய்த்துக்கொண்டே இருந்தன.