மஞ்சள் கட்டிய வெள்ளை அணு

நான் கிள்ளான் நகரில் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, எங்கள் பள்ளி அறிவியல் நாடகப் போட்டிக்குப் போனது. உடம்புக்குள் கிருமி நுழைகிறது, வெள்ளை அணுக்கள் அதை விரட்டுகின்றன. கதை அவ்வளவுதான். வெள்ளை அணுக்களில் பல வகை. பி அணுவாக நடித்தவளுக்குக் கிருமிமேல் அட்டை அம்பு எறிகிற வேலை. டி அணுவுக்கு நேரடிச் சண்டை, கையில் அட்டையில் செய்த பாராங் கத்தி. எனக்கு வாய்த்தது நினைவு அணு. சண்டை முடிந்த பிறகும் உடம்பிலேயே தங்கி, பழைய கிருமியின் முகத்தை ஞாபகம் வைத்திருக்கிற அணுவாம். மேடையில் அதற்கு என்ன வேலை இருக்கப்போகிறது? நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் அதே கிருமி மீசை ஒட்டிக்கொண்டு திரும்பி வரும்போது எழுந்து ஒரே ஒரு வசனம். வகுப்பே என்னை நாற்காலியம்மா என்று கூப்பிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் எல்லோருக்கும் வெள்ளை உடை. வம்பு அதில்தான் வந்தது. அப்பா அப்போது சுங்கை பூலோவில் மருத்துவமனையில் இருந்தார். கழுத்தில் கட்டி என்பதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

"அப்பா ஆஸ்பத்திரில இருக்காரு, இந்த நேரத்துல உனக்கு வெள்ளையா? வேணாம்லா" என்றார் அம்மா.

"டீச்சர் ஏசுவாங்கம்மா."

"ஏசட்டும்."

கெஞ்சிக் கூத்தாடியதில் ஒருவழியாகத் தைத்துக் கொடுத்தார். போட்டியன்று காலையில் பார்க்கிறேன், கொடியில் என் உடை பளிச்சென்று மஞ்சளாகக் காய்கிறது. புதுத்துணியின் ஓரத்தில் துளி மஞ்சள் தொட்டு வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. அம்மா துணி முழுவதையும் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டார். அழுது பார்த்தேன். அம்மா அசையவில்லை.

போட்டியில் பெட்டாலிங் ஜெயா பிள்ளைகள் தையல்கடையில் தைத்த உடையில் ஜம்மென்று நின்றார்கள். எங்கள் டீச்சர் என்னைப் பார்த்து நெற்றியில் கை வைத்துக்கொண்டார். உடை தப்பென்றால் புள்ளி போய்விடும். நாடகம் என்னவோ நன்றாகத்தான் போனது. மீசைக் கிருமி வந்ததும் நான் எழுந்து, "மறுபடி வந்தா உன்னை எனக்குத் தெரியாதா? இந்தத் தடவை வாசலோட போயிடு" என்றேன். கைதட்டல் ஓய்ந்ததும் நடுவர் மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் வெள்ளை. இந்தப் பொண்ணு மட்டும் ஏன் மஞ்சள்?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சார், அவங்கல்லாம் புதுசு. நான் ஏற்கெனவே சண்டை போட்டு ஜெயிச்சவ. அடையாளம் வேணாமா?"

நடுவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கோப்பை எங்களுக்குத்தான். நாற்காலியம்மா என்றவர்களே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பேருந்துவரை வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாலையில் அதே மஞ்சள் உடையோடு மருத்துவமனைக்குப் போனேன். கீழ்த்தளத்து உணவகத்துக்கு அப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். என் வசனத்தைச் சொல்லிக் காட்டினேன்.

"இன்னொரு தடவை சொல்லுடா கண்ணு" என்றார் அப்பா. சொன்னேன். மறுபடியும் கேட்டார். மைலோ ஐஸ் வாங்கித் தந்தால்தான் சொல்வேன் என்று பேரம் பேசினேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வாங்கப் போனார்.

அன்று காலையில்தான் மருத்துவர், நோய் போய்விட்டது, இனி திரும்பி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். நான் மேடையில் எந்த வெள்ளை அணுவாக நின்றேனோ, அந்த அணுக்களே கெட்டுப்போய்த்தான் அப்பாவுக்கு அந்தக் கட்டி வந்தது என்பதும் பின்னால் தெரிந்ததுதான். இன்றுவரை அது திரும்பவில்லை. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான் அவ்வளவு பிரமாதமாக நடித்ததால்தான் அப்பா திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று நினைத்து, மைலோவை உறிஞ்சிவிட்டு, இன்னும் உரக்கச் சொன்னேன்.