பூஜைக்குப் பூட்டிய பெட்டி

எங்கள் வீட்டுக் கணினி இரண்டு வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்ததற்குச் சரஸ்வதி பூஜைதான் காரணம். பூட்டியவர் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. பலாங்கொடையில் சில மாதங்கள் கணினி படித்துவிட்டு, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய பழைய பெட்டி ஒன்றை வாங்கி, பஸ்ஸில் ஏற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். தன் லயக்காமிராவில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில் தனக்கிருந்த அறையில், இடமில்லை என்று எங்கள் காமிராவில் வைத்தார். எங்கள் காமிராவில் மட்டும் இடம் கொட்டிக் கிடந்ததா என்றால், இல்லை. அப்பாவுக்கு யாரையும் மறுத்துப் பேச வராது, அவ்வளவுதான். அன்று லயத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலில் முண்டியடித்து நின்றார்கள். அப்படி ஒரு கூட்டம் அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வந்ததில்லை.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்ட வாரம், மாமா அந்தப் பெட்டியில் ஒரு மைக்கை மாட்டினார். "அக்கா, ஏதாச்சும் பேசு. பதிஞ்சு வச்சா புள்ள கேட்டுக்கிட்டு இருக்கும்" என்றார். அம்மா பேசினாள். எனக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை. அம்மா மைக்கைப் பிடித்திருந்தது நினைவிருக்கிறது, பேசியது நினைவில்லை.

அந்த வருட நவராத்திரியில் மாமா புத்தகங்களோடு கணினியையும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை தொடக்கூடாது. ஆனால் லயத்துப் பிள்ளைகளின் விரல்கள் அதையெல்லாம் கேட்குமா? அதனால் மாமா, பெட்டி விழித்ததும் முதல் வேலையாகக் கடவுச்சொல் கேட்கும்படி செய்துவிட்டார். "நாளைக்குக் காலைல நல்ல நேரம் பாத்து நானே தொறப்பேன்" என்று அறிவித்தார். அன்று மத்தியானமே ஏஜென்சிக்காரரிடமிருந்து செய்தி வந்தது. மாமாவின் கத்தார் வேலைக்கு விசா சரியாகிவிட்டது, உடனே கொழும்புக்கு வரவேண்டும். மாமா அரக்கப்பரக்க ஓடினார். கடவுச்சொல்லும் அவரோடு விமானம் ஏறிவிட்டது.

இன்று கொழும்பில் ஒரு நிறுவனத்தில் கணினிகளைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் அந்தப் பூட்டைப் பற்றி இப்போது நான் நிறையவே பேசுவேன். கணினிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது பயாஸ் என்கிற சின்ன நிரல். பலகையில் ஒரு சில்லுக்குள் அது குடியிருக்கும். நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றை எழுப்பும். ஆதியில் வந்த மேசைக் கணினிகளில் என்னென்ன பொருத்தியிருக்கிறது என்பதைப் பலகையிலுள்ள குட்டிக் குட்டிச் சுவிட்சுகளைத் தள்ளித்தான் அதற்குச் சொல்ல வேண்டும். பிறகுதான் அந்த விபரங்களையும் தேதியையும் வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு சின்ன நினைவும், அது அணையாமலிருக்க ஒரு பேட்டரியும் வந்தன. கடவுச்சொல்லும் அங்கேதான் இருந்தது. இப்போதைய இயந்திரங்கள் பலவற்றில் பேட்டரியைக் கழற்றினாலும் பூட்டுத் திறக்காது. எங்களுடையது அந்த அளவுக்குச் சாமர்த்தியமில்லாத காலத்துப் பெட்டி.

இதெல்லாம் தெரியாத வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அம்மா உள்ளே இருக்கிறாள், வாசலில் யாரோ நின்று மறிக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். சாயங்காலமானால் கரண்ட் பலம் குறைந்து பெட்டி எழும்பாது. அதனால் சோற்றைக்கூடத் தொடாமல் பொத்தானை அழுத்துவேன். கறுப்புத் திரையில் எண்கள் கடகடவென்று ஏறும், ஒரு 'பீப்' சத்தம் வரும், பிறகு அந்தக் கட்டம் வந்து நின்றுகொள்ளும். நான் எழுத்துகளைக் கண்டபடி தட்டுவேன். மூன்று முறை தவறினால் பெட்டி அப்படியே உறைந்துவிடும். அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். வெளியே பிள்ளைகள் கூப்பிடுவார்கள். போகமாட்டேன். கொஞ்ச நாளில் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். வீட்டில் என்னோடு சத்தம் போட்டது அந்த 'பீப்' மட்டும்தான். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு அத்தனை தனிமை ஆகாது.

குவைத்திலிருந்தும் கத்தாரிலிருந்தும் பலாங்கொடை பஜாரில் ஒரு முதலாளியின் கடைக்குத்தான் போன் வரும். அப்பா மட்டும் போவார். வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதையில் பஸ்ஸில் உட்கார்ந்தால் நான் வாந்தி எடுப்பேன் என்பதால் என்னைக் கூட்டிப்போவதில்லை. மாமாவிடம் கேட்டு ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்லோடு அப்பா திரும்புவார். முதலில் ஒரு சாமி பெயர் வந்தது. அடுத்தது இன்னொரு சாமி. அதற்கடுத்தது தோட்டத்தின் மேல் டிவிஷனில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவின் பெயர். அதை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டும்போது அப்பா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. எந்தச் சொல்லுக்கும் கட்டம் அசையவில்லை. மாமாவுக்கே மறந்துவிட்டது. கடைசியில் அவர் சொன்னது இது: "பேட்டரியக் கழட்டச் சொல்லுங்க மச்சான். கழட்டினா மறந்துரும்."

அதை அப்பா வந்து சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறந்துரும் என்றால் அம்மாவையும்தானே? "வேணாம்பா, கழட்ட வேணாம்பா" என்று இரண்டு நாள் அழுதேன். அப்பா தலையைத் தடவினார். பூட்டு மட்டும்தான் மறக்கும் என்று அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. என்றாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தேயிலைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நான் விடாப்பிடியாகக் கூடவே போனேன். மோந்து பார்க்கக் கையில் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, கொடுத்திருந்தும் இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.

பலாங்கொடையில் கணினி திருத்துகிறவர் ஒரு சிங்கள இளைஞர். கைவேலைக்காரர் எல்லோரும் எங்களுக்குப் பாஸ்தான், அவரும் பாஸ். மூடியைத் திறந்ததும் நான் பலகையைக் கையால் மூடிக்கொண்டேன்.

"பயம் வாணாம் நங்கி" என்றார் அவர், தங்கை என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, தெரிந்த தமிழில். "ஒண்ணும் போகாது."

அப்பா என் கையை எடுத்தார். பாஸ் சின்ன ஆணியால் நெம்பி, சட்டைப் பொத்தான் போலிருந்த பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எல்லோரும் தேநீர் குடித்தார்கள். நான் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பப் போட்டுப் பொத்தானை அழுத்தியதும் கட்டம் வரவில்லை. தேதி தெரியவில்லை என்று பெட்டி முறையிட்டது; நான் பிறப்பதற்கு முந்திய ஒரு வருடத்தைக் காட்டியது. என்னையே அதற்குத் தெரியாதே என்று அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பாஸ் ஒரு விசையைத் தட்டி உள்ளே போனார், அப்பா சொன்ன கோப்பைத் தேடித் திறந்தார்.

ஒரு பெண் பேசினாள். கரகரத்த, உரத்த குரல். மலையில் நின்று அடுத்த மலைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். "டேய் தம்பி, இது ஓடுதாடா? என்னத்தப் பேசுறது? அடியே, ஒழுங்கா சாப்புடு. அப்பா ஸ்டோருக்குப் போயிட்டா கதவச் சாத்திக்க. அம்மா சீக்கிரம் வந்துருவேன்." நடுவில் யாரோ ஒரு குழந்தை சிரித்தது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

இரண்டு வருடமாக அந்தக் கட்டத்துக்குப் பின்னால் நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அம்மா மெதுவாக, இழைந்து, எங்கள் சின்ன வகுப்பு டீச்சரைப் போலப் பேசுகிறவள். "இது அம்மா இல்ல. பேட்டரியக் கழட்டினதுல அம்மா அழிஞ்சு போச்சு. வேற யாரோ வந்துட்டாங்க" என்று கத்தினேன்.

அப்பா பாஸ் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பாஸ் திகைத்து அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "மன்னிக்கணும் நங்கி. என் பிழை. நான்தான் அழிச்சேன்" என்றார்.

அவரை நான் வருடக்கணக்கில் வெறுத்தேன். அந்தப் பெட்டி தேதியையும் பூட்டையும் தவிர எதையும் மறக்கவில்லை என்று தொழில் கற்ற பிறகுதான் தெரிந்தது. மறந்தது யார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வருடம் அம்மா வந்தாள். பாதை வளைவில் இறங்கும்போதே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தக் குரலை நான் உடனே கண்டுகொண்டேன்: அம்மாவை அழித்துவிட்டுப் பெட்டிக்குள் புகுந்த பெண். ஆனால் கிட்டே வந்தபோது முகம் அலுமாரியில் ஒட்டியிருந்த அம்மா படத்தின் முகமாக இருந்தது. எதை நம்புவதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். அப்பா பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளினார். "ஓடு, போய்க் கட்டிப்புடிச்சுக்க" என்றார். அப்பா சொன்னதற்காகப் போய்க் கட்டிக்கொண்டேன்.

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு லயம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். "பாருங்க, எம்புள்ள என்னய மறக்கவே இல்ல, பாருங்க" என்றாள்.

"அதெப்படி மறக்கும்?" என்றார் அப்பா.

இருவரும் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.